முணுமுணுத்தவள்

தில்லி மழைக்கு நேரங்காலமே கிடையாது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் பராமரிப்பு அலுவலகத்துக்குள் சொட்டச் சொட்ட நுழைந்தாள் இளவரசி. "பையா, ஜல்தி!" என்று ஆரம்பித்து, வீட்டுக் கூரை ஒழுகும் கதையை இந்தியில் பொரிந்து தள்ளினாள். மேஜைக்குப் பின்னாலிருந்த இளம் இன்ஜினியரோ நிதானமாகப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"தடிமாடு… அசையுதா பாரு!" தமிழில் முணுமுணுத்தாள். தில்லியில் இது ஒரு வசதி, எவ்வளவு திட்டினாலும் யாருக்கும் புரியாது.

"தடிமாடு நாளைக்குக் காலையில வந்துடும் மேடம்," என்றான் அவன்.

அய்யோ… தமிழா! அதுவும் அந்தக் கண்கள் இப்படிச் சிரிக்கின்றனவே!

கதிரவன், மதுரைக்காரன். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் கூரை வேலை இழுத்துக்கொண்டே போனது. வேலையைப் பார்க்க வீட்டுக்கு வந்தவனுக்கு அம்மா தினமும் காபி கொடுத்தாள்.

"முணுமுணுப்புங்கிற வார்த்தை எப்படி வந்துச்சு, தெரியுமா?" ஒருநாள் டம்ளரை வாங்கியபடி கேட்டான்.

"எனக்குத் தமிழ் படிக்கவே வராது. நீங்களே சொல்லுங்க."

"மனசுல இருக்கற குறையைச் சொல்லணும், ஆனா எதிராளி காதுல விழக்கூடாது. உதட்டை மூடிக்கிட்டே சொன்னா என்ன கேக்கும்? முணு முணு… அந்தச் சத்தமே வார்த்தையாயிடுச்சு. சில பேருக்கு அதுதான் தாய்மொழி!"

"ரொம்பத்தான்…"

ஸாரி சொல்லேன்டி என்று மனசு கெஞ்சியது. ராங்கிக்காரி, கேட்டால்தானே!

கடைசியில் ஒழுகல் நின்றது.

"திங்கக்கிழமையிலிருந்து எனக்கு துவாரகா பக்கம் வேலை," என்றான், வாசலில் தயங்கியபடி. "வேற ஏதாவது குறை இருக்கா?"

"ஒண்ணும் இல்லை."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் உறைத்தது. போயிட்டானே… இனிமே எந்தச் சாக்கில் பார்ப்பேன்? கதவைப் பார்த்தே முணுமுணுத்தாள். யாருக்குக் கேட்கும்? சட்டென்று கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"கதிரவன்!" மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

கீழே, கடைசிப் படியில் நின்றிருந்தான்.

"எனக்குக் குறை இருக்கு! அன்னிக்குத் திட்டினதுக்கு ஸாரி… நீங்க போறது எனக்குப் பிடிக்கலை. உங்களை… உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டுமே!

"மழை விடட்டும்னு நின்னேன்…" என்று தடுமாறினான் கதிரவன்.

"அது எப்பவோ விட்டாச்சே!"

"தெரியும்." காது மடல்வரை சிவந்துபோனான். "உங்களை விட்டுட்டுப் போகக் கால் வரலை, இளவரசி…"