ஜீப்புக்குள் புற்று

முதலில் அது வெறும் ஈர வாசனைதான். ஜீப்பின் பின்கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கின் வீச்சம் ஆவுடையப்பனின் மூக்கில் ஏறியது. சங்கரன்கோவிலில் மழை பெய்து மாதக்கணக்காகிறது.

இமயமலை வரை போய், ஆறு மாதம் வண்டியிலேயே குடித்தனம் நடத்துவது என்பது அவன் மனைவி ஜெயசித்ராவின் ஆசை. அதற்காகப் பின்சீட்டைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்து, தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு, கூரையில் சோலார் தகடு என்று எல்லாம் பொருத்தியாகிவிட்டது. வியாழக்கிழமை புறப்பாடு. கட்டிலுக்கடியில் கையை விட்டான். விரலில் கொழகொழவென்று செம்மண் ஒட்டியது. அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள் நெளிந்தன.

"சீ!"

கட்டில் அடித்த மூக்காண்டி ஆசாரி குனிந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "புத்துல்லா அண்ணாச்சி! நம்ம ஊர்ல இதை இடிப்பாவளா? வண்டியை இங்கனயே விட்டுருங்க."

"என்னவே ஆசாரி, இத்தனை செலவழிச்சு வீட்டு முன்னால கோயிலா கட்டச் சொல்லுதீரு?"

அவர் உளிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடையப்பன் கம்பியால் குத்தினான். புற்று உடையவில்லை. அழுகிய சீத்தாப்பழம் போல உள்வாங்கியது. துளையிலிருந்து கூழ்முட்டையும் புளித்த பாலும் கலந்த நாற்றம் குப்பென்று அடித்தது.

பின்னால் ஜெயசித்ரா நின்றாள். "நான்தாங்க தினமும் பால் ஊத்துதேன். வழியில நமக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுல்லா."

"இந்தக் கண்றாவியிலயா?"

"கோயில் புத்துமண்ணைத் திங்கலியா? கை சொறிக்கு நல்லதுன்னு இதையும் ஒரு துளி வாயில போட்டுக்கிட்டு வாரேன்."

அவள் பல்லிடுக்கில் செம்மண் தெரிந்தது. வெறி வந்தவன் போலக் கரையான் மருந்தைத் துளை நிறைய ஊற்றி, மேலே பலகை வைத்து ஆணி அடித்தான்.

"வாசலை அடைச்சிட்டீங்களே" என்றாள் அவள். "அது வேற வழி பார்க்கும்லா."

சாயங்காலம் அவன் சோப்பு போட்டுப் போட்டுக் கை கழுவினான். நகக்கண்ணில் புளித்த வாடை போகவே இல்லை. கட்டிலில் படுத்துப் பார்க்கிறேன் என்று வண்டிக்குப் போனவளைக் கூப்பிட்டான். பின்கதவுக்கு உள்ளே நறநறவென்று மெல்லிய அரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

கதவைத் திறந்து லைட்டைப் போட்டான்.

பலகை இடுக்கிலிருந்து விரல் தடிமனில் ஒரு மண்கோடு. விரிப்பின் மேல். தலையணையின் மேல். அவள் கழுத்தின் மேல்.

காதுக்குள்.

நகத்தால் சுரண்டினான். ஈரம். வெதுவெதுப்பு.

"சித்ரா... எந்திரிட்டி."

அவள் கண்ணைத் திறந்தாள். வாயைத் திறந்தாள். நாக்கைக் காணோம். தொண்டை வரை செம்மண் மெழுகியிருந்தது. நடுவில் ஒரு துளை.

பால் வாடை.

துளையின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று தலை நீட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. அவள் கண்கள் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.