கனகா வந்து நின்ற படகு

ஆலப்புழைப் படகுத்துறையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஆனந்தராஜ் வயிறு சரியில்லை என்றான். சேலத்தில் ரயில் மாறும்போது தலைவலி, எர்ணாகுளம் தாண்டியதும் நெஞ்செரிச்சல், இப்போது வயிறு. பானுமதி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விருத்தாசலத்திலிருந்து இத்தனை தூரம் இடுப்பொடிய உட்கார்ந்து வந்தது, படகைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பவா?

"ஏறுங்க," என்றாள்.

இந்தப் பயணமே அவன் தன் வாயால் மாட்டிக்கொண்ட கதைதான். மாசி மாதத்தில் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஓர் அட்டை இருந்தது. ஓலைக்கூரை வேய்ந்த படகின் படம், கீழே ஒரு போன் நம்பர். என்ன இது என்று கேட்டதற்கு, "டீலர் ஒருத்தர் குடுத்தாரு. உன்னைக் கூட்டிட்டுப் போவலாம்னுதான் வெச்சிருக்கேன்," என்று அவசரத்தில் உளறிவிட்டான். பானுமதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வைகாசி விடுமுறையில் மகள் வெண்பாவை அக்கா அன்புக்கரசி வீட்டில் விட்டாள். அட்டையில் இருந்த நம்பருக்குத் தானே போன் போட்டு, ஓர் இரவுக்குப் படகைப் பேசி முடித்தாள். வேறு படகு பார்க்கலாம், கொடைக்கானல் போகலாம் என்று பத்து நாள் அவன் தாஜா பண்ணிப் பார்த்தான். அவன் வேண்டாம் வேண்டாம் என்றதில்தான் அவளுக்குப் பிடிவாதம் ஏறியது.

இருவருக்கும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை. அவன் சூளை மேற்பார்வை. அவள், அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் பிசிறை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிறவள். ஒரு வருடமாகவே அவனுக்கு வேறு எங்கோ மனசு ஓடுவது தெரிந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்தால் போனைக் கவிழ்த்து வைப்பான். இல்லாத ஊருக்கெல்லாம் லோடோடு போகிறேன் என்று கிளம்புவான். யாரோ ஒருத்தி இருக்கிறாள், யாரென்றுதான் தெரியவில்லை.

இதைச் சொல்லி அழ அவளுக்கு இருந்த ஒரே ஆள் கனகா. பக்கத்து மணையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவள். கல்யாணமாகி ஒரே வருடத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவள். பானுமதி சொல்லச் சொல்ல, அவள் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி மூன்று தரம் பிழிந்துவிட்டு, "வுடுக்கா, ஆம்பளைங்க அப்படித்தான்," என்பாள். அந்தக் கனகாவும் தை மாதத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். அவள் அம்மா திரௌபதிக்கு அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சொன்னது ஆனந்தராஜ்தான். சூளைக்குப் போன் வந்தது என்றான்.

அட்டையைப் பார்த்த மறுநாளே பானுமதி மணவாளநல்லூருக்குப் பஸ் ஏறினாள். போலீசுக்கும் பஞ்சாயத்துக்கும் போக முடியாத வழக்கையெல்லாம் அந்தப் பக்கத்து ஜனம் கொளஞ்சியப்பர் கோயிலில்தான் கொண்டுபோய் வைக்கும். தாளில் பிராது எழுதி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வந்தால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. பானுமதி இரண்டே வரி எழுதினாள். 'என்னை ஏமாத்துறது யாருன்னு எனக்குத் தெரியணும். அந்த ஆளு என் முன்னால வந்து நின்னு தன் வாயால சொல்லணும்.'

மூன்று மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

படகு மத்தியானம் புறப்பட்டது. காயல் வெயிலில் தகரம்போல மின்னியது. இரண்டு பக்கமும் தென்னை, வரப்பளவு அகலத்தில் கரை, கரையை ஒட்டி வீடுகள், வாசலிலேயே பாத்திரம் விளக்கும் பெண்கள். படகில் ஓட்டுகிறவர் ஒருவர், சமைக்கிறவர் ஒருவர், இரண்டு பேரும் ஐம்பது தாண்டியவர்கள். ஆனந்தராஜ் அவர்கள் கண்ணில் படாமல் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்தான்.

ஐந்தரைக்குப் படகைக் கரையோரம் ஒரு தென்னையில் கட்டிவிட்டார்கள். இருட்டினால் மீனவர்கள் வலை விரிப்பார்களாம், படகு ஓடக் கூடாதாம். சமையல்காரர் ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்தார்.

"மேடம், கரிமீன் பொரிக்கட்டே? போன தடவ சாரோட வந்த மேடம் முள்ளுக்குப் பயந்து தொடவே இல்ல. அதான் கேட்டேன்."

பானுமதி சிரித்த முகத்தை மாற்றாமல் கேட்டாள். "எப்ப வந்தாங்க?"

"பொங்கல் கழிஞ்சு. ஒரு நாலு மாசம் இருக்கும்." அதற்குள் அவருக்கே எதிலோ காலை விட்டுவிட்டோம் என்று பட்டுவிட்டது. "அவங்க காலைலயே எறங்கிப் போயி. வீட்ல ஏதோ அவசரம்னு சார் பறஞ்சு," என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அறைக்குள் போய் அவள் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யாரு அவ?"

ஆனந்தராஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "அந்த ஆளு வேற யாரையோ பாத்துட்டு ஒளர்றான். தூங்கு பானு."

அவள் மீனையும் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை. பத்து வருடக் குடித்தனத்தில், இவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஏழு நாள் கண் விழித்திருக்கிறாள். பெயரைக்கூடச் சொல்லமாட்டேன் என்கிறானே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எத்தனை மணிக்குத் தூக்கம் கலைந்தது என்று தெரியவில்லை. ஏ.சி. நின்றிருந்தது. படகுக்குக் கரண்ட் கொடுக்கும் கரை வீட்டிலும் வெளிச்சம் இல்லை. தண்ணீர் படகின் அடியில் மோதி மோதிப் போகும் சத்தம் மட்டும். காயலுக்கென்று ஒரு வாடை உண்டு, அழுகிய பாசியும் டீசலும் கலந்தது. சாயங்காலத்திலிருந்து அது மூக்கில் பழகிவிட்டது.

இப்போது வந்தது அந்த வாடை இல்லை.

ஈரக் களிமண். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளைக் களிமண்ணின் குளிர்ந்த வாடை. பதினோரு வருடமாக அவள் விரலிலும் புடவையிலும் இருக்கிற வாடை.

அப்புறம் சத்தம் கேட்டது.

யாரோ தண்ணீரில் எதையோ முக்கிப் பிழிந்தார்கள். சொட்டுகள் விழுந்து ஓயும்வரை பொறுத்து, மறுபடி ஒரு தரம் பிழிந்தார்கள்.

மூன்றாம் தரமும் பிழிகிறார்களா என்று அவள் காத்திருந்தாள்.

பிழிந்தார்கள்.

பக்கத்தில் ஆனந்தராஜ் போர்வையைத் தலைவரை இழுத்து மூடியிருந்தான். அவன் தூங்கவில்லை. போர்வை நடுங்கியது.

பானுமதி எழுந்து கதவைத் திறந்தாள். உட்காரும் இடத்தின் தரைப்பலகையில் வெள்ளையாகப் பாதச் சுவடுகள். காயல் சேறு கறுப்பு. இது சுண்ணாம்பு வெள்ளை. சுவடுகள் படகின் முன்மூக்கிலிருந்து வந்து அவள் கதவுக்கு இரண்டு அடி முன்னால் நின்றிருந்தன.

சுவடு நின்ற இடத்தில் ஆளும் நின்றது.

"அக்கா."

முகம் தெரியவில்லை. ஈரப் புடவை உடம்போடு ஒட்டியிருப்பதும், நுனியிலிருந்து வெள்ளையாக நீர் வடிவதும் தெரிந்தது.

"கனகா?"

"வந்து நிக்கணும்னு எழுதிக் கட்டுனியே. நாலு நாளுதான் பாக்கி."

பானுமதி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"நான்தான்க்கா. ஒரு வருசமா நான்தான்."

பயத்துக்கு முன்னால் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. செத்தவளோ உயிரோடிருப்பவளோ, அது அப்புறம். "எம் பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டு, நான் அழுவறதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தியேடி. வெண்பாவுக்குப் பாவாட தெச்சுக் குடுத்த கைதானடி அது?"

"ஆமாக்கா." அந்தக் குரலில் மன்னிப்பு கேட்கிற குழைவுகூட இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "உங்கிட்ட சொல்லிப்புடுறேன்னு அன்னிக்கி அவுருகிட்ட சொன்னேன். சண்ட. கோவத்துல இதே படகு முன்மூக்குல வந்து நின்னேன். காலு வழுக்கித் தண்ணியில வுழுந்துட்டேன். கத்துனேன். அவுரு ரூம்ல வெளக்கப் போட்டாரு."

சொட்டு விழும் சத்தம்.

"கதவத் தொறக்கல. வெளக்க அணைச்சுட்டாரு."

பானுமதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஆத்திரம் அப்படியே கையை விட்டு நழுவிப்போனது. அந்த இருட்டில், தண்ணீருக்குள்ளிருந்து அணைந்த ஜன்னலைப் பார்த்த பார்வையை நினைத்தாள்.

"எங்கம்மா தெனம் பஸ் ஸ்டாண்டுல போயி திருப்பூர் பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிக்கிது. அதுங்கிட்ட சொல்லிடுக்கா. நான் வர மாட்டேன்னு மட்டும் சொல்லிடு. அது வூட்டுக்குப் போவட்டும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"எம் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்."

வாடை மெல்லக் குறைந்தது. ஏ.சி. முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

காலையில் சமையல்காரர் தரையைத் துடைத்துக்கொண்டே, "இந்த வெள்ளச் சேறு எவிடருந்து வந்தது? இவ்விட இப்படி மண்ணே இல்ல," என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தார். ஆனந்தராஜ் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"சத்தம் கேட்டுச்சு பானு. எந்திரிக்கத்தான் நெனச்சேன். நாலு பேரு வந்துட்டா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். அந்த ஒரு நிமிசத்துல சத்தம் நின்னுடுச்சு."

அவள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டின்னா நான் உள்ள போயிடுவேன். நான் போறது கெடக்கட்டும். வெண்பா ஸ்கூலுக்குப் போவ முடியுமா? நாள பின்ன அதுக்கு ஒரு நல்லது நடக்குமா? புள்ளைய நெனச்சுப் பாரு." அவள் காலைப் பிடித்தான். பிடித்தது காலைத்தான் என்றாலும், அவள் எங்கே இளகுவாள் என்று பார்த்துத்தான் பிடித்தான்.

திரும்பும் ரயிலில், திரௌபதியிடம் சொல்லிவிட வேண்டும் என்று சேலம்வரை நினைத்தாள். சின்னசேலம் வரும்போது, இரண்டு நாள் கழித்துச் சொன்னால் என்ன என்று தோன்றியது. விருத்தாசலம் ஸ்டேஷனில் அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற வெண்பா, "அம்மா, படகு ஆடுச்சா?" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டபோது அவளுக்கு எல்லாமே கலங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் திரௌபதி நின்றிருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. மகள் பசியோடு இறங்குவாள் என்று தினமும் எதையாவது கொண்டுவந்துவிடுவாள்.

"பானு, கேரளா போனியாமே. வர்ற வழியில திருப்பூர் தாண்டித்தான வந்திருப்ப? எம் பொண்ணு போனு கீனு பண்ணுச்சா?"

சொல்ல வாயெடுத்தாள். வெண்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"பண்ணுனா அத்த. நல்லா இருக்குறாளாம். தீவாளிக்கு வருவாளாம்."

திரௌபதியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தூக்குவாளியைத் திறந்து, "இந்தா, நீயாவது சாப்புடு," என்று ஒரு கொழுக்கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள். பானுமதி அதை வாங்கிக்கொண்டாள். அவன் விளக்கை அணைத்ததற்கும் தான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பதில் தெரிந்துதான் இருந்தது.

வழக்கு முடிந்தால் பிராதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். வாங்காமல் விட்டால் தெய்வம் அந்த வழக்கை நடத்திக்கொண்டே இருக்கும் என்பார்கள். மூன்று மாதம் முடிகிற அன்று காலை, வெண்பாவை ஸ்கூல் புத்தகம் வாங்க அப்பனோடு அனுப்பிவிட்டு, பானுமதி மணவாளநல்லூருக்குப் போனாள். தனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது, இதோடு எல்லாம் முடியட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பூசாரி வேலில் கட்டியிருந்த தாள்களை விலக்கி விலக்கித் தேடி, அவளுடையதை அவிழ்த்துக் கொடுத்தார். மூன்று மாத வெயிலில் அது அப்பளமாகக் காய்ந்திருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பப் போனாள்.

ஈரக் களிமண் வாடை அடித்தது.

காய்ந்த தாள்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் நனைந்து தொங்கியது. ஓரத்தில் வெள்ளையாக விரல் பதிந்திருந்தது. மை கலங்கியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. அந்தக் கையெழுத்தைச் சம்பளநாள் தோறும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

'பானுமதி அக்கா எங்கம்மாகிட்ட சொல்றேன்னு சத்தியம் பண்ணுச்சு. சொல்லல. யாரு மேல சத்தியம் பண்ணுச்சோ, அந்தப் புள்ள வெண்பா என் முன்னால வந்து நிக்கணும். இப்படிக்கு, கனகா.'

பானுமதி இரண்டு கையாலும் முடிச்சைப் பற்றி இழுத்தாள். நகம் பிய்ந்ததே தவிர முடிச்சு இளகவில்லை.

"அதத் தொடாதம்மா," என்று பூசாரி அவள் கையை விலக்கினார். "அடுத்தவங்க பிராது அது. யாரு கட்டுனாங்களோ அவுங்களே வந்துதான் வாங்கணும்."

"எப்பங்க கட்டுனாங்க இத?"

அவர் தாளை நிமிர்த்திப் பார்த்தார். "காலையில நட தொறக்கறப்ப இல்லியே," என்றார். தாளின் நுனியிலிருந்து வெள்ளைத் தண்ணீர் அவர் கையில் சொட்டியது.