பியானோ பலகையும் பில்லர் டிரில்லும்

தடால்!

ஜெனிஷா பாதித் தோசையோடு பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே இருந்த தகரக் கொட்டகைதான் அவள் அம்மா பிஜியின் பியானோ பழுதுபார்க்கும் பட்டறை. நீளமான, கனத்த பலகை ஒன்று தரையில் கிடந்தது. அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

"காலில் விழுந்துடுச்சாம்மா?"

"இல்ல, தப்பிக்கக் குதிச்சேன். முதல்ல பலகையைப் பாரு!"

நல்லவேளை, ஒரு மூலை மட்டும்தான் நசுங்கியிருந்தது.

அது ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவுக்கான புதுப் பலகை. அதில் இருநூறு துளைகளுக்கு மேல் போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஓர் ஆணி நின்று கம்பியை இழுத்துப் பிடிக்கும். எல்லாத் துளைகளும் ஒரே அளவாகப் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கையில் பிடிக்கும் டிரில்லில் அது நடக்காது.

அதனால்தான் சாலைக் கடைத்தெருவில் யூசுப்பின் மெஷின் கடையிலிருந்து, இரும்புத் தூணில் நிற்கும் பழைய பில்லர் டிரில்லை அம்மா வாங்கி வந்தாள். யூசுப் பளபளவென்று வேறொன்றைக் காட்டினார்.

"அது ரொம்ப வேகம். மரம் கருகிடும். கருகின துளையில ஆணி நிக்காது" என்று சொல்லிவிட்டு, மெதுவாக ஓடும் இதையே அம்மா எடுத்தாள்.

ஆனால், இந்த மெஷினில் மரத்தை வைக்கும் தட்டு இடம் வலமாக மட்டுமே சாய்ந்தது. பலகையோ முன்பின்னாகச் சாய வேண்டும். பலகைக்கு அடியில் கட்டைகள் வைத்துப் பார்த்தாள். சின்னத் தட்டில் அது நிற்குமா? வழுக்கி விழுந்தது.

"போதும். மெஷினைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லி யூசுப்புக்கு இப்பவே போன் பண்றேன். பள்ளிக்கூடத்திலும் முடியாதுன்னு சொல்லணும்" என்றபடியே அம்மா அவருக்குப் போன் பண்ணினாள். அந்தப் பியானோதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

ஜெனிஷா யோசித்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் வந்தப்ப அப்பாவையா சாய்ச்சோம்? செங்கல் வச்சுக் கட்டிலைத்தானே சாய்ச்சோம்?"

"என் நெஞ்செரிச்சலுக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றபடி வந்தார் அப்பா செல்வமணி.

"பலகை பாட்டுக்குப் படுத்திருக்கட்டும்பா. மெஷினைச் சாய்ப்போம்!"

அம்மா மெஷினின் அடிப்பாகத்தையே பார்த்தாள். "என்னங்க, கடப்பாரையை எடுங்க."

தட்டைக் கழற்றினார்கள். அப்பா கடப்பாரையால் நெம்ப, அம்மா மெஷினின் பின்பக்கத்துக்கு அடியில் ஆப்பு வைத்துத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினாள். பலகையைத் தாங்கச் சாப்பாட்டு மேசை ஒரு பக்கம், ஜெனிஷாவின் படிப்பு மேசை மறுபக்கம். படிப்பு மேசை கொஞ்சம் குட்டை. அதன் கால்களுக்கு அடியில் ஜெனிஷா அட்டைகளை மடித்து வைத்தாள்.

முதலில் ஒரு துண்டு மரத்தில் துளை போட்டு ஓர் ஆணியை நிறுத்தினார்கள். ஜெனிஷா அதை, பியானோவிலிருந்து ஆணிகளோடு கழற்றிய பழைய பலகையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஆணி ரொம்பக் குனியுதும்மா."

அம்மா ஆப்பை உருவி, இழைத்து மெலிதாக்கி மறுபடி வைத்து, இன்னொரு துளை போட்டாள். இந்த முறை பழைய ஆணியும் புது ஆணியும் ஒரே சாய்வில் நின்றன. புகை இல்லை, கருகல் வாசனையும் இல்லை.

வாசலில் குட்டி லாரி வந்து நின்றது. உள்ளே வந்த யூசுப் மெஷினைப் பார்த்துப் பதறினார்.

"அய்யோ சேச்சி, இது சரிஞ்சு நிக்குதல்லோ!" என்று நிமிர்த்தப் போனார்.

"தொடாதீங்க யூசுப்! அது என் மக சாய்ச்சு வச்ச மெஷின், இனி இங்கேதான் நிக்கும்."