வேர் தெரிந்த ஆறு

ஷோபனா டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, தான் வரைந்த மரவேர்களில் பாதியைக் காணோம்.

பெயின்ட் வழிந்திருக்கவில்லை. படத்தில் இருந்த ஆறுதான் ஏறியிருந்தது. தீவிலிருந்த ஷாதிபூர் வீட்டின் முன்னறையில், தகரக் கூரைமேல் சாயங்கால மழை இரைந்துகொண்டிருக்க, எண்ணெய்ச் சாயத்தின் வாசனையை அமுக்கிக்கொண்டு உப்புச் சேற்றின் நாற்றம் மெல்லப் பரவியது.

ஓர் ஆற்றுப் படம் ஆளை உள்ளே இழுக்கும் விதத்தைப் பள்ளியில் ஆசை ஆசையாகச் சொல்லித் தரும் ஓவிய டீச்சர் அவள். கீழே ஒரு மூலையில் கரையை இருட்டாக வைக்க வேண்டும். அங்கே நுழையும் கண், வளைவோடு போய்த் தூரத்து வெளிச்சத்தைத் தேடும். வழியில் அது நின்று மூச்சுவிட ஒரு மனித உருவம் வேண்டும். அதற்காகத்தான் ஒன்பது வயது மகள் சௌமியாவைக் கரைச்சேற்றில் நிற்கவைத்து வரைந்திருந்தாள்.

தப்பு இப்போதுதான் புரிந்தது. தீவிலேயே பிறந்து வளர்ந்த தான் ஆற்றை எங்கே கண்டாள்? கண்டதெல்லாம் கடல் புகுந்து வடியும் கழிகள். ஆறு என்று நினைத்து, தண்ணீர் வடிந்த நேரத்துக் கழியை, வேர் தெரிய வரைந்துவிட்டாள். வடிந்தது ஏறத்தானே செய்யும்.

"அம்மா, என் சாக்ஸ் கீலா ஆயிடுச்சு!" உள்ளறையிலிருந்து சௌமியா கத்தினாள். "கட்டில் மேலதான் இருக்கேன். முழங்கால் வரைக்கும் ஈரம்!"

படத்திலும் முழங்கால்.

ஷோபனா துணியால் படத்துத் தண்ணீரைத் துடைத்தாள். துடைத்த இடம் நிரம்பியது. உருவத்தையே அழித்துவிட்டால்? துணி மகளின் முகத்தில் பட்டது.

"அம்மா, இங்க வந்து பா—"

குரல் அறுந்தது. கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"—ரும்மா! இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு!"

ஃபோனில் ஹை டைட் நேரம் பார்த்தாள். கடல் முழுதும் ஏற இன்னும் நாற்பது நிமிடம்.

"என் பிள்ளையையா கேக்குற?" படத்து ஆற்றைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "என்னைத் தாண்டிப் போ, பார்க்கலாம்."

பிரஷ்ஷை அழுத்தித் தோய்த்தாள். மகளுக்குக் கீழே ஒரு பெண். அகலத் தோள். சேற்றில் ஊன்றிய கால். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிய இரண்டு கை. கடைசியாக முகம். தன் முகம்.

"ஹய்யா, காஞ்சுடுச்சு!" சௌமியா சிரித்துக்கொண்டே ஓடி வந்து வாசலில் நின்றாள். சிரிப்பு நின்றது. "அம்மா? கையை எதுக்குத் தூக்கிட்டு நிக்கிற?"

ஷோபனா உதடுகளை இறுக்கி மூடினாள். வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். காய்ந்த தரை. காய்ந்த புடவை. அவிழ்ந்த கூந்தல் கண்முன்னே மேலெழுந்து, மிதந்து, மெதுவாக ஒரே பக்கம் சாய்ந்து அசைந்தது.

கைகளை அவள் இறக்கவில்லை.