ஆளில்லாத அறைக்கு ஒரு விசிறி

பசுமைக் கட்டடம் என்றதும் செடி கொடியைத் தேடாதீர்கள். அந்தக் கண்ணாடி மாளிகையில் பச்சையாக இருந்தது வரவேற்பறைக் கம்பளம் மட்டும்தான். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று அதற்கு ஒரு சான்றிதழ். அது நிஜந்தானா என்று ஒவ்வொரு மீட்டராகச் சரிபார்ப்பது அவள் வேலை. போகிற இடமெல்லாம் அவளுக்கு மீட்டரக்கா என்றே பெயர்.

அன்று அந்தக் கட்டடத்து அலுவலகங்களுக்கு விடுமுறை. வீட்டில் மகளுக்குச் சளி, மூச்சிரைப்பு. சட்டுபுட்டென்று முடித்துவிட்டு ஓட வேண்டும் என்பதே அவள் நினைப்பு.

கணக்கு ஒரே ஓர் இடத்தில்தான் உதைத்தது. மேல்மாடியில் பூட்டிக் கிடந்த அறையில் விசிறி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் விடும் மூச்சில் காற்று கெட்டால் மட்டும் தானே ஓடி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறி அது.

"சென்சார் கெட்டுப்போயிருக்கும்," என்றாள்.

"அதெல்லாம் மாத்தி மாத்திப் பாத்தாச்சுக்கா," என்றார் கட்டடத்து எலெக்ட்ரீஷியன். பூட்டைத் திறந்துவிட்டாரே தவிர, வாசலைத் தாண்டவில்லை.

உள்ளே பசையின் புளித்த வாடை அடித்தது. காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எண்ணில் காட்டும் தன் கைக்கருவியைத் தரையில் வைத்தாள். விசிறியை நிறுத்தினாள். எண் ஏறியது. தன் மூச்சாக இருக்கும் என்று மறுகோடிக்குப் போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டாள).

எண் ஏறியது.

இன்னும் வேகமாக ஏறியது.

கண்ணாடிக் கதவின் அடியில், தரையோடு தரையாக, ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"காத்து கசியுதான்னு டெஸ்ட் பண்றப்ப, எல்லாக் கதவையும் டேப் போட்டு ஒட்டுனாங்கக்கா," எலெக்ட்ரீஷியன் கிசுகிசுத்தார். "கண்ணாடிக்குப் பசை அடிக்கிற ஆளு உள்ள அசந்து தூங்கிட்டாரு. யாரும் பாக்கல. லீவு முடிஞ்சுதான் திறந்தாங்க. அந்த ஃபேனை மட்டும் விட்டுடுங்க."

போனில் கட்டடத்து மேனேஜர் சிரித்தார். "ஆளே இல்லாத ரூமுக்கு ஃபேன் எதுக்கு மேடம்? கழட்டி விட்டா கணக்கு சரியாயிடும். இல்லன்னா நாளைக்கும் நீங்கதான் வரணும்."

நாளைக்கும் இங்கேயா? மகளின் முகம் கண்ணில் நின்றது. கண்ணால் பார்த்த பிறகும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, விசிறி தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எலெக்ட்ரீஷியன் அவள் முகத்தைப் பார்க்காமல் இணைப்பைத் துண்டித்தார்.

படியிறங்கும்போது மேலே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் கணவன் நின்றிருந்தான். "ஜன்னலெல்லாம் திறந்துதான் வச்சிருக்கேன். கொஞ்ச நேரமா உள்ள ஒரே புழுக்கம். என்னன்னே தெரியல."

பையில் இருந்த கைக்கருவியை அணைக்க மறந்திருந்தாள். எடுத்துப் பார்த்தாள்.

எண் ஏறிக்கொண்டிருந்தது.

மகளின் அறைக்கு ஓடினாள். அங்கே பசையின் புளித்த வாடை. குழந்தை அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்து, கதவின் அடிப்பக்கத்தையே பார்த்தாள்.

"அம்மா, அந்த மாமாவுக்கு மூச்சு முட்டுதாம். ஃபேனைப் போடும்மா."

கட்டிலுக்கு மேலே விசிறி முழுவேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.