பன்னிரண்டு புலிகளும் ஒரு பெட்டி மார்க்கரும்

தம்பி கன்னத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். கையை எடுக்கச் சொன்னால் எடுப்பான். அடுத்த நிமிடமே கை பழையபடி அங்கே போய்விடும்.

"ரொம்ப அரிக்குதாடா?"

"எரியுது," என்றான்.

அக்கா எறும்பு அவன் கையைப் பிடித்து இறக்கினாள். வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு அதுதான் பெயர். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். இன்று பிற்பகல் பள்ளிக்கூடத்தில் நாடகம். அதில் பன்னிரண்டு புலிகள். புலிகளுக்குக் கோடு போடுவது எறும்பின் பொறுப்பு. கை பழகட்டுமே என்று விடிந்ததும், அப்பா பெட்டியில் எழுதும் மார்க்கரால் தம்பி கன்னத்தில் ஆறு மீசை வரைந்து பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் கன்னம் தக்காளி ஆகிவிட்டது.

அப்பாவுக்குக் கிடங்கில் வேலை. பெட்டிகளில் எண் போட்டு அடுக்க வேண்டும். எந்த வரிசையில் எத்தனை பெட்டி என்பது மறக்காமலிருக்க, அங்கே எல்லாரும் அதே மார்க்கரால் கையிலும் எழுதிக்கொள்வார்கள். தாளைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? தினமும் கையில் எண்ணோடு வரும் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் எறும்பு. தோலும் ஒரு தாள்தான் என்று நினைத்துவிட்டாள். மூட்டையும் பெட்டியும் தூக்கிக் காய்த்துப்போன தோல் வேறு, தம்பியின் கன்னம் வேறு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா சோப்புப் போட்டுக் கழுவினாள். மை போகவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எறும்புக்கு. மூவரும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார்கள்.

கடைக்கார அக்கா மார்க்கரைத் திறந்து முகர்ந்ததும் மூக்கைச் சுளித்தார். அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் செய்த மை இது, தோலில் படவே கூடாது, அதிலும் கண்ணுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது என்றார். அழுத்தித் தேய்க்க வேண்டாம், மை இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும், வீங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள் என்று அம்மாவிடம் சொன்னார்.

"அப்போ முகத்துல வரைய எந்தப் பேனா வாங்கணும் அக்கா?"

"முகத்துக்குன்னே செஞ்சதுன்னு அட்டையில போட்டிருக்கணும். அதையும் முதல்ல கையில ஒரு பொட்டு வெச்சு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கணும்."

"ஒரு நாளா? நாடகம் இன்னைக்கு மதியமே இருக்கே."

"அப்போ முகத்துல ஒண்ணும் வேண்டாம்."

அப்போதுதான் எறும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு மார்க்கரை நேற்றே வகுப்புத் தோழி நெட்டையிடம் கொடுத்திருந்தாள். காலையிலேயே போய் ஆறு பேருக்குக் கோடு போட ஆரம்பி என்று சொன்னதும் எறும்புதான்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஓடினாள். கால் ஒரு பக்கம் ஓட, மனசு ஒரு பக்கம் ஓடியது. சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். இனி வரையும் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பன்னிரண்டு தக்காளி.

வகுப்பில் நெட்டை மூடியைத் திறந்து தயாராக நின்றாள். அவள் எதிரே முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒருவன். எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்பதால் அவனுக்கு அவசரம் என்று பெயர். பேனா முனைக்கும் அவன் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல்கூட இல்லை.

"நிறுத்துடி," என்றாள் எறும்பு. மூச்சு வாங்கியது. "அந்தப் பேனாவால என் தம்பி கன்னத்துல வரைஞ்சேன். வெந்த மாதிரி சிவந்துபோச்சு. தப்பு என்னோடதுதான். யார் முகத்துலயும் போடாத."

நெட்டை சட்டென்று மூடியைப் போட்டாள். அவசரம் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"கோடு இல்லாம வந்தா அது புலியா? மாடு."

"உனக்கு மாடு பொருத்தமாத்தான் இருக்கும்," என்றாள் நெட்டை.

யாராவது சிரித்தார்களா என்று எறும்பு பார்க்கவில்லை. கதவுக்கும் சன்னலுக்குமாக நடந்தாள். கோடு வேண்டும். முகத்தில் கூடாது. வேறு எதில்?

சன்னலுக்கு வெளியே காவலாளி மாமா, புத்தகம் வந்த காலிப் பெட்டிகளைப் பிரித்து மடக்கிக்கொண்டிருந்தார். வெயில் பட்டு அட்டை மஞ்சளும் பழுப்புமாக மின்னியது. எறும்பு நடையை நிறுத்தினாள்.

"மாமா, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

டீச்சர் கத்தியால் அட்டையை முக அளவுக்கு வெட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். எறும்பும் நெட்டையும் சன்னலோரம் உட்கார்ந்து கோடு போட்டார்கள். அட்டையில் மார்க்கர் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவசரம் நூல் கோத்தான். அவன் அவசரத்தில் ஒரு புலிக்கு நூல் தாடையில் போய்விட்டது. அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அவனே உறுமிப் பார்த்தான்.

மதியம் பன்னிரண்டு புலிகளும் மேடையில் பாய்ந்தன. முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அலறி, டீச்சர் மடியில் ஏறிவிட்டார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எந்தப் புலிக்குக் கிடைக்கும்?

நாடகம் முடிந்து முகமூடிகளைக் கழற்றினார்கள். எறும்பு ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, கன்னத்தை உற்று உற்றுப் பார்த்தாள். பன்னிரண்டு முகத்திலும் வேர்வை வழிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.