முகமூடி இல்லாத ஒரே ஆள்

நான் சொல்லப்போவதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு என் மூளை இட்டுக்கட்டியது என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் காற்று பாதிக்கும் குறைவு. இல்லாத நாயைப் பார்த்தவர்கள் உண்டு. காலியான கூடாரத்துக்குள் யாரோ டீ ஆற்றும் சத்தம் கேட்டவர்கள் உண்டு. திரும்பி வந்ததும் டாக்டர்கள் எனக்கு இதைத்தான் சொன்னார்கள். நானும் பல நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நைனா, எங்கள் அப்பா, அந்த மலைக்கு வரவில்லை. அவர் ஆந்திர எல்லை ஊரான நகரியில், எங்கள் வீட்டில், நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்ததற்கு யார் என்ன காரணம் சொல்வது?

எங்கள் வீட்டின் பின்பாதி தறிக் கொட்டகை. பவர்லூம்கள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவோம். மிச்சத்துக்குக் கை. நைனா வேதாச்சலத்துக்கு ஐம்பது வயதுக்குள் காது முழுக்கப் போய்விட்டது. அதன்பிறகு தறி நின்றாலும் எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான்.

அந்தத் தறிதான் என்னையும் தம்பி வெங்கட்டையும் படிக்க வைத்து பெங்களூருக்கு அனுப்பியது. அங்கே கம்ப்யூட்டர் வேலையில் சம்பாதித்ததை அவன் மலைகளில் செலவழித்தான். கடைசியில், எட்டாயிரம் மீட்டருக்கு மேலான ஒரு சிகரத்துக்கு வழிகாட்டிகளோடு கூட்டிப்போகும் குழுவில் சேர்ந்தான். அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் பெயர் கொடுத்தேன். அந்த மலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிப் பழகினோம். மொட்டைத் தலையோடு இறங்கி வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். “ஏமப்பா, சாமிக்கி இசுக மொக்குபடியா?” என்றார். சாமிக்கு மணல் வேண்டுதலா என்று கேட்கிறார். வெங்கட் படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கிளம்பும் நாளில் நைனா ஒரு துண்டைக் கொடுத்தார். அவர் தறியில் ஓட்டியது. சிவப்புத் துண்டு, கரையில் ஒற்றைப் பச்சை இழை. அவர் நெய்யும் எல்லாவற்றிலும் அந்த இழை இருக்கும்.

“உச்சில இத்த விரிச்சி ஒரு போட்டோ புடிச்சிக்கினு வா. நம்ம தறித் துணி அவ்ளோ ஒசரம் போயிருக்கணும்,” என்றார்.

“போத்திக்கினா குளுரு தாங்குமா நைனா?” என்றான் வெங்கட்.

“நீ வாயாலயே சூடு பண்ணிக்குவே, போ.”

பிறகு என்னைப் பார்த்தார். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

“அவன் முன்னாடி ஓடுவான். நீ பின்னாலயே இரு. ரெண்டு பேரா போறீங்க, ரெண்டு பேராவே வரணும்.”

மலையடி முகாமில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பெம்பா. வயதில் என்னைவிடச் சிறியவர், முகம் மட்டும் கிழம். என்னை தீதி, அக்கா, என்றுதான் கூப்பிடுவார். உச்சிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாப்பாட்டுக் கூடாரத்தில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, உடைந்த இந்தியில் ஒன்று சொன்னார்.

“மேலே பாதை ஒடுங்குகிற இடத்தில் ஒரு பாறை. அதில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். செத்துப் பல வருஷம். எந்த நாட்டுக்காரர் என்று யாருக்கும் தெரியாது. கீழே கொண்டுவர முடியாத இடம். அவர் பக்கம் பார்க்காதீர்கள் தீதி. தொடாதீர்கள். எதுவும் கொடுக்காதீர்கள்.”

“இன்னாத்தக் குடுக்கப் போறோம், ஆவக்கா ஊறுகாயா?” என்று வெங்கட் என்னிடம் முணுமுணுத்தான்.

பெம்பாவுக்குப் புரிந்திருக்காது. ஆனால் வெங்கட்டின் முகத்தையே பார்த்தார். அப்போது அடுப்புப் பொறி ஒன்று தெறித்து, அவன் கழுத்தில் கிடந்த துண்டின் முனையில் ஒரு ஓட்டை விழுந்தது. மிளகு அளவு ஓட்டை. வெங்கட் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

மேலே போகப் போக எல்லோர் முகத்திலும் ஆக்ஸிஜன் முகமூடி. மற்றவர்களுக்கு அது வெறும் ரப்பர். எனக்கு அது காது போனது மாதிரி இருந்தது. காற்று விடாமல் ஊளையிட்டது. ஆயிரம் தறி ஒன்றாக ஓடுகிற இரைச்சல். அதற்குள் ஒரு வாய்கூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடிகள், ரப்பர், பனி. தம்பி எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நான் நடந்தேன்.

விடியும் நேரத்தில் பாறை வந்தது.

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இரவு முழுக்க ஒரு வாயைக்கூடப் பார்க்காதவள் நான். அந்த மலையில் முகமூடி இல்லாத ஒரே முகம் அவனுடையது.

மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய சட்டை வெளுத்துப்போயிருந்தது. கைகள் மடியில். தோல் மெழுகு நிறம். உதடுகள் கறுப்பு. களைத்துப்போனவன் கொஞ்சம் உட்கார்ந்து எழலாம் என்று உட்கார்ந்ததைப் போலவே இருந்தான். சூரியன் வந்ததால் நிழல் நகர்கிறது என்று முதலில் நினைத்தேன்.

நிழல் நகரவில்லை.

உதடு நகர்ந்தது.

கொட்டகையின் மறுமுனையில் நின்று, ஒரே விஷயத்தைப் பலமுறை சொல்லிச் சலித்தவன் சொல்வதுபோல, மெதுவாக. எங்கள் ஊர்ப் பேச்சில்.

குளுருது.

முன்னால் போன வெங்கட் நின்றிருந்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, முகமூடியின்மேல் விரலை வைத்து, பிறகு கையை விரித்தான். கொட்டகையில் அதற்கு ஒரே பொருள். அவன் என்ன சொல்றான்? 

விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டினேன். தறியை நிறுத்தாதே, ஓட்டு. அவன் நடந்தான்.

உச்சி எனக்கு அதிகம் நினைவில்லை. வெங்கட் துண்டை விரித்ததும், பெம்பா போட்டோ எடுத்ததும், அவர் உடனே இறங்கச் சொன்னதும் நினைவிருக்கிறது. இறங்கும்போது மேகம் மூடிவிட்டது. கயிறும் அதைப் பிடித்த கையும் மட்டும் தெரிந்தன. தம்பியின் முதுகு ஒரு இடத்தில் என் கண்ணிலிருந்து மறைந்தது.

பாறையைச் சுற்றி வந்தேன்.

வெங்கட் அந்தச் செத்தவன் முன்னால் மண்டியிட்டிருந்தான். ஒரு கையுறை பனியில் கிடந்தது. நைனாவின் துண்டைச் செத்தவன் முகத்தில் போர்த்தி, இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் நிதானமாகச் செருகிக்கொண்டிருந்தான்.

அவனைப் பொறுத்தவரை அது இரக்கம். முகம் திறந்து கிடக்கும் பிணத்தைப் பார்த்தால் எங்கள் வீட்டு மனிதர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் எங்களிடம் கோடித்துணி போடுவது இரக்கத்துக்காக இல்லை. மாலையை யார் வேண்டுமானாலும் போடலாம். பிணத்தின்மேல் கோடியை உறவுக்காரன்தான் போடுவான். போட்டுவிட்டால் அது உறவு. கோடி வாங்கியவன் வீடு, போட்டவன் வீட்டுச் சாவுக்குத் துணியோடு வந்து நிற்க வேண்டும்.

பெம்பா ஓடிவந்து துண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அதற்குள் முகத்தோடு உறைந்து ஒட்டியிருந்தது.

வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே குழிந்தது. பிறகு எழும்பியது.

மறுபடி குழிந்தது.

வெங்கட் முகமூடியைக் கழற்றினான். மற்றொரு கையுறையைக் கழற்றினான். ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினான். நான் என் முகமூடியைக் கீழே தள்ளிவிட்டுக் கத்தினேன். “டேய், இன்னா பண்ற?”

அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை. உதட்டைத்தான் படித்தேன்.

“அவனுக்குப் பத்தலையாம் அக்கா.”

உறைந்து சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு எரிவதுபோல இருக்கும், உடைகளைக் கழற்றி எறிவார்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் வெங்கட் எறியவில்லை. ஜாக்கெட்டை மடித்தான். சபையில் முறை செய்பவனைப்போல இரண்டு கையாலும் நீட்டினான்.

நானும் பெம்பாவும் அவன்மேல் விழுந்தோம். பெம்பா அவனைக் கயிற்றால் கட்டினார். உடையைத் திரும்ப மாட்டி, அவனை இழுத்துக்கொண்டும் உருட்டிக்கொண்டும் இறங்கினோம். வழி முழுக்க அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. பின்னால் பனி நெரிபடும் சத்தம் காற்றையும் மீறிக் கேட்டபோதும் பார்க்கவில்லை. பெம்பா எனக்கு முன்னால் இருந்தார். தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தான்.

மலையடி முகாமில் அவன் கைகளுக்குக் கட்டுப் போட்டார்கள். சில விரல்கள் போய்விடும் என்றார்கள். ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தபோது நைனாவை வீடியோவில் கூப்பிட்டோம். நல்ல பகல். சாப்பாட்டுக் கூடாரத்தில் மண்ணெண்ணெய் வாடையும் ஈரக் கம்பளி வாடையும். நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

நைனா கட்டுகளைப் பார்த்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தார். வெளியாள் முன்னால் அழுதுவிட்ட கூச்சம் அவர் முகத்தில் வந்தது.

“அது யாரு, உங்க பின்னாடி? பாவம், வாயி கன்னங்கரேல்னு கீது.”

நான் திரும்பவில்லை.

“யாருமில்ல நைனா.”

“இன்னா யாருமில்ல? என்னாண்ட பேசிக்கினு கீறான். எந்த ஊருன்னு கேக்கறான்.”

என் வாயிலிருந்து ஆவி வந்தது. வெங்கட்டின் வாயிலிருந்து வந்தது. என் கழுத்துக்குப் பின்னால் மட்டும், ஆவி இல்லாத ஒரு குளிர்.

“வாணாம் நைனா. அவனுக்குப் பதில் சொல்லாத. என்னப் பாரு. என் வாயப் பாரு.”

அவர் என் வாயைப் பார்க்கவில்லை. காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில், மரியாதையாக, எனக்குப் பின்னால் இருந்தவனுக்குப் பதில் சொன்னார்.

“நாங்க நகரிப்பா. ஸ்டேஷன் பக்கம் வந்து தறி வேதாச்சலம்னு கேளு, யாரும் காட்டுவாங்க. எங்க புள்ளைங்களுக்குத் தொணையா வந்திருக்கற. எப்பன்னா வூட்டுக்கு வா.”

லைன் அறுந்தது. வெங்கட் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நான் திரும்பியபோது கூடாரத் துணியும், அதன் திறப்பில் மலையும் இருந்தன.

அதன்பிறகு வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெங்கட் பெங்களூருக்குத் திரும்பவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். நைனா மட்டும் எப்போதாவது சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். “அந்தப் பையன் வரேன்னான். வரவேயில்ல பாத்தியா?” நான் எழுந்து போய்விடுவேன்.

ஒரு சித்திரையில், மத்தியானம், தறிமேல் கை வைத்தபடியே நைனா சாய்ந்துவிட்டார்.

புத்தூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. அவரைப் படுக்கவைத்து மூடினார்கள். வடமாலபேட்டை உறவுகள் வந்தார்கள், வெதுருகுப்பத்துக்காரர்கள் வந்தார்கள். கொண்டுவந்த கோடிகளைப் பெட்டியின் கண்ணாடிமேல் போட்டார்கள். நான் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். போடப் போடக் கண்ணாடி மறைந்தது, நைனாவின் முகமும் மறைந்தது. பெட்டியை யாரும் திறக்கவில்லை.

மறுநாள் குளிப்பாட்டுவதற்காகச் சித்தப்பா உமாபதி துணிகளை எடுத்துவிட்டு மூடியைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றார்.

“எவன்டா பொட்டிக்குள்ள துண்டு போட்டது?”

நைனாவின் முகத்தில் ஒரு சிவப்புத் துண்டு. இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் செருகியிருந்தது. கரையில் பச்சை இழை. முனையில் மிளகு அளவு ஓட்டை.

“பொட்டிக் குளுருல வெறச்சிப் போச்சி,” என்று சித்தப்பா அதைப் பிரித்தெடுத்தார். பலகைபோல வந்தது. நைனாவின் வேட்டி விறைக்கவில்லை. சட்டை விறைக்கவில்லை. துண்டின் நடுவில் மட்டும், உள்பக்கத்திலிருந்து உறிஞ்சியதுபோல, வாய் அளவுக்கு ஒரு குழி. 

சித்தப்பா அதை வாசல் வெயிலில் போட்டார். நகரியின் சித்திரை வெயில். பாடை கிளம்பும்வரை அது இளகவில்லை.

வெங்கட் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“முறைக்கு வந்துட்டான் அக்கா,” என்றான்.

இனிச் சொல்ல அதிகம் இல்லை. துண்டை நைனாவோடேயே வைத்து அனுப்பிவிட்டோம். பெம்பா மலைக்குப் போவதை விட்டுவிட்டு காட்மாண்டுவில் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நான் பெங்களூரில் இருக்கிறேன். எதிரே இருப்பவர்கள் பேசும்போது கீழே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். வெங்கட் மிச்சமிருக்கும் விரல்களால் நைனாவின் தறியை ஓட்டுகிறான். போன தடவை போயிருந்தபோது, தறி ஓடிக்கொண்டிருக்கையில், யாரும் இல்லாத எதிர்மூலையைப் பார்த்து அவன் உதடு அசைந்தது. நான் கீழே பார்ப்பதற்குள் படித்துவிட்டேன்.

“அக்காவும்தான் வந்திருக்கறா. பாத்தியா?”